ஒரு பனையின் அரசாங்க வாழ்க்கை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தால், அந்தத் தூரத்துக்குள் மாநில மரம் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம். கோலியனூர், வளவனூர் வரைக்கும் பனை பதவியில் இருக்கும். மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்கியதும் பனை பதவி இழந்துவிடும். அங்கே வில்வம்தான் மாநில மரம். கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு, பனைக்கு மறுபடி பதவி. வில்லியனூரில் மறுபடி வில்வம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு அப்படி வளைந்து நெளிந்து கிடக்கிறது.

மரமாவது நின்ற இடத்தில் நிற்கிறது. அணிலின் பாடுதான் சிக்கல். 2007-ல் புதுச்சேரி அரசு தனக்கென நான்கு அடையாளங்களை அறிவித்தது: மரம் வில்வம், பூ நாகலிங்கம், பறவை குயில், விலங்கு அணில். ஆக மதகடிப்பட்டு வேலியில் ஓடும்போது அது மாநில விலங்கு. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பனையில் தொற்றி ஏறினால் வெறும் அணில். தமிழ்நாட்டு மாநில விலங்கான வரையாடோ மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளை விட்டு இறங்குவதில்லை. விழுப்புரத்து ஆடு மேய்ப்பவர்களில் பலர் அதைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

தமிழ்நாட்டுப் பட்டியல் நீளமானது. விலங்கு வரையாடு, பறவை மரகதப் புறா, மரம் பனை, மலர் செங்காந்தள், கனி பலா, வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன், நடனம் பரதநாட்டியம், விளையாட்டு கபடி, பாட்டு தமிழ்த்தாய் வாழ்த்து, முத்திரை கோபுரம். இதைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டுமே. இந்தக் கூட்டத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்த அழைப்புமின்றி, ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் ஏற்கெனவே வந்து நின்றிருப்பது பனை. அதனால் அதன் கதையைச் சொல்லலாம். விக்கிரவாண்டிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் 1948-ல் முளைத்த ஒரு பனை என்று வைத்துக்கொள்வோம். பனை நம் கற்பனை. ஆண்டுகளும் சட்டங்களும் நிஜம்.

பனங்கொட்டை முளைக்கும் விதமே தனி. முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய இடத்தில் மாவு சேர்த்துக் கிழங்காகப் பருக்கும். பொங்கல் நேரத்தில் தோண்டி எடுத்தால் அது பனங்கிழங்கு, வேகவைத்துத் தின்னலாம். தோண்ட மறந்தால் அது பனை. நாட்டில் உள்ள பனைகளில் பாதிக்கு மேல் யாரோ மறந்துபோனதன் விளைவாகத்தான் இருக்கும். நம் பனையும் அப்படித் தப்பியதுதான்.

அது மண்ணுக்குள் இருந்த நாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்க்காரர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை பதவியில் இருந்தவர். ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, இவர் காலத்தில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பனங்காட்டு மண்ணில் பிறந்த ஒருவர் ஆட்சியில்தான் பனைக்கு முதல் முழுத் தடை வந்தது. நம் பனை பிறந்ததே தடைக்காலத்தில்.

அதே ஆட்சியில்தான் மாகாணத்துக்கு ஒரு முத்திரை தேடினார்கள். கோபுரம் என்று முடிவானது. மதச்சார்பற்ற நாட்டில் கோயில் கோபுரமா என்ற கேள்வி வந்தது. இது வழிபாட்டின் அடையாளமல்ல, தென்னாட்டுக் கட்டடக் கலையின் அடையாளம் என்ற பதில் எடுபட்டது. ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்தார், 1949-ல் முத்திரை நடைமுறைக்கு வந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று பெரும்பாலானோர் படித்து வளர்ந்திருக்கிறோம். வரைந்தவரோ மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தை மாதிரியாக வைத்ததாகச் சொன்னார் என்று இன்னொரு தரப்பு. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கோடிக்கணக்கான அரசாணைகளிலும் சான்றிதழ்களிலும் குத்தியாயிற்று. எந்தக் கோபுரம் என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. அடையாளம் என்று ஒன்றை வைத்தால் அதைப் பற்றிச் சண்டை போடவும் ஒரு வசதி கிடைக்கிறது.

முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பனைக்கு வேலை எதுவுமில்லை. தண்டு தடிப்பதற்கு முன் தரையோடு தரையாக ஓலை விரித்துக் கிடக்கும். அந்தப் பருவத்தில் அதற்கு வடலி என்று பெயர். ஆணா பெண்ணா என்பதுகூட வெளியே தெரியாது. பாளை விட்ட பிறகுதான் தெரியும். நம் பனை வடலியாக இருந்த நாட்களில் நாடு தனக்கு அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 1950 ஜனவரி 26 அன்று சாரநாத் தூணின் சிங்கங்கள் நாட்டு முத்திரை ஆயின. 1963-ல் மயில் தேசியப் பறவை. பின்னாளில், 1973-ல், அதுவரை தேசிய விலங்காக இருந்த சிங்கத்தை விலக்கிவிட்டுப் புலியை அமர்த்தினார்கள். முத்திரையில் சிங்கம், பட்டியலில் புலி. இருவருக்கும் மனக்குறை இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மயில் தேசியப் பறவையான காலத்தையொட்டி நம் பனை பாளை விட்டது. இங்கிருந்துதான் அதன் வாழ்க்கையில் சட்டம் நுழைகிறது.

பாளையிலிருந்து சாறு எடுப்பது மந்திரமல்ல, கைப்பழக்கம். பாளையை இடுக்கியால் நாள்தோறும் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். பிறகு பாளை அரிவாளால் நுனியைச் சீவ வேண்டும். மெல்லிசாக, ஓலைத் தடிமனுக்கும் குறைவாக. கூடச் சீவினால் பாளை வீணாகும்; குறையச் சீவினால் சாறு அடைத்துக்கொள்ளும். சீவிய நுனியில் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை ஏறியே ஆகவேண்டும். ஆண் பனையும் சாறு தரும், பெண் பனையும் தரும். நுங்கு மட்டும் பெண் பனையில். தை, மாசியில் தொடங்கி ஆடிக்கு முன் முடிந்துவிடும் பருவம். அந்த ஐந்தாறு மாதத்தில் ஒருவர் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவது சாதாரணம். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். அதனால் திருவிழா, காய்ச்சல், கல்யாணம் எதற்கும் விடுமுறை கிடையாது.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே சாறு, அதே மரத்தில், அதே வெயிலில், சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் நுண்ணுயிரிகளும் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகின்றன. சுண்ணாம்பு அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. ஆக இந்த மரத்தைப் பொறுத்தவரை சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பதநீரைக் கொப்பரையில் ஊற்றிப் பனங்கருக்கையும் காய்ந்த ஓலையையும் எரித்துக் காய்ச்சினால் பனை வெல்லம். 10 லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அடுப்படியில் மணிக்கணக்கில் நின்று துழாவுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சுண்ணாம்புக் கலயம் ஏறுகிறவருக்கு மட்டுமல்ல, கீழே நிற்பவருக்கும் கூடுதல் வேலை.

நம் பனை விடலைப் பருவத்தில் கண்டது சுண்ணாம்புக் கலயங்களை மட்டும். 1969-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்ந்தது. பாளையில் சுண்ணாம்பில்லாக் கலயம் வெளிப்படையாகத் தொங்கியது. 1973-74-ல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மறுபடி மூடப்பட்டன. சுண்ணாம்பு திரும்பி வந்தது. இருபத்தைந்து வயதுக்குள் குற்றவாளி, நிரபராதி, மறுபடி குற்றவாளி. மரம் இதற்கெல்லாம் சொட்டுவதை நிறுத்தவில்லை.

1978-ல் பட்டம் கிடைத்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் பனை தமிழ்நாட்டின் மாநில மரம் ஆனது. நம் பனைக்கு அப்போது முப்பது வயது.

பட்டம் புதிது, பழக்கம் புதிதல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் பூ, பறவை, பூச்சி, பழம் என்று அடுக்கிக்கொள்வதைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஓக்லஹோமா 2007-ல் தர்ப்பூசணியைத் தன் மாநிலக் காய்கறி ஆக்கியது. பழமா காயா என்று கேட்டவர்களை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். மேரிலாந்தின் மாநில விளையாட்டு, குதிரைமேல் அமர்ந்து ஈட்டியேந்திப் பொருதுவது. 1962 முதல் அப்படித்தான். நியூ மெக்சிகோவுக்கு மாநிலக் கேள்வியே இருக்கிறது: மிளகாய்ச் சாறு சிவப்பா பச்சையா என்பது. ஆனால் சிரிப்பதற்கு முன் நம் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் வகுத்தார்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ், தொழில். உரைகாரர்கள் அதில் பூவும் நீரும் ஊரும் சேர்த்துக்கொண்டார்கள். மலைக்கு ஒரு பறை, வயலுக்கு ஒரு பறை என்று பிரித்து வைத்த கூட்டம் நாம். ஓக்லஹோமா வெகு பின்னால் வந்தது.

அரசர்களும் சளைத்தவர்களல்லர். சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு, சேரருக்குப் பனம்பூ. போருக்குப் போகும்போது சூடிக்கொள்ள வேண்டும், எவன் நம்மாள் என்று தெரிய வேண்டுமே. பனைக்கு அதுதான் முதல் அரசு வேலை. அதோடு ஒவ்வொரு சிற்றரசனுக்கும் ஒரு காவல் மரம். எதிரி ஊருக்குள் புகுந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். மரம் விழுந்தால் மன்னன் விழுந்த மாதிரி. அதனால் அதற்குக் காவல் போட்டார்கள். அடையாளம் என்றால் காக்கப்பட வேண்டியது என்ற பொருள் அப்போது இருந்தது.

பிறகு கோயில்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஊருக்கு ஊர் தல மரம் வந்தது. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் பனையபுரம் இருக்கிறது. தேவாரம் பாடப்பெற்ற புறவார் பனங்காட்டூர் அதுதான். பனங்காட்டீசுவரர் கோயிலின் தல மரம் பனை. செஞ்சிப் பக்கம் போகும் வழியில் பனமலை. அங்கே பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் எஞ்சிய ஓவியம் புகழ் பெற்றது. நம் பனைக்கு அரசாணை வருவதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் அதற்கு மரியாதை இருந்தது. 1978-ல் அரசு செய்தது புதுப் பட்டமளிப்பல்ல, பழைய பட்டா மாற்றம்.

இலக்கணக்காரர் கண்ணில் இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் என்று தொல்காப்பியர் பிரித்தார். பனைக்கும் தென்னைக்கும் வைரம் வெளிப்பக்கம். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் மாநில மரம் ஒரு புல். தாவரவியலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: பனை ஒருவித்திலைத் தாவரம், புல்லும் நெல்லும் சேர்ந்த பெருங்குழுவில் அதுவும் ஒன்று. இது வெறும் புத்தகச் சண்டையல்ல என்று கோவா காட்டியது. 2016-ல் அந்த மாநில அரசு மரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தித் தென்னையை மரப் பட்டியலிலிருந்து நீக்கியது. மரம் இல்லை என்றால் வெட்ட அனுமதி வேண்டாம் அல்லவா? எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே ஆட்சியில் இருந்தவர்கள் தென்னையை மாநில மரமாக அறிவித்தார்கள். ஓரிரு ஆண்டுக்குள் மரமே அல்ல என்பதிலிருந்து மரங்களுக்கெல்லாம் தலைமை என்பது வரை. உத்தியோக உயர்வில் இதைத் தாண்டிய வேகம் கிடையாது.

நம் பனைக்கு வருவோம். பட்டம் வந்த மூன்றாண்டில், 1981-ல், கள்ளுக்கடை மறுபடி திறந்தது. 1987-ல் மறுபடி மூடியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கள்ளுக்குக் கதவு திறக்கவே இல்லை. மாநில மரம் என்று பட்டம் சூட்டியதும், அதன் கள்ளை நிரந்தரமாகத் தடுத்ததும் எம்.ஜி.ஆர். ஆட்சிதான். மரத்துக்கு மரியாதை, மரம் தருவதற்குத் தடை. இடையில் 1983-ல் தொடங்கிய டாஸ்மாக் வளர்ந்து, பின்னாளில் நேரடியாகக் கடை விரித்து, கரும்பாலைக் கழிவிலிருந்து காய்ச்சிய சரக்கை அரசே விற்கிறது. கரும்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டம் ஒருவருக்கு, வியாபாரம் இன்னொருவருக்கு.

இப்போது அந்தப் பேருந்துப் பாதையின் அடுத்த வேடிக்கை புரியும். கள்ளுக்கடையை ஏலம் விடுவது புதுச்சேரியில் வழக்கமான அரசு வேலை. ஆக வளவனூர் பக்கம் பனை மாநில மரம், அதன் கள் குற்றம். மதகடிப்பட்டு பக்கம் பனைக்குப் பட்டம் கிடையாது, அதன் கள்ளுக்கு உரிமம் உண்டு. இரண்டு பனைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் அகலம்கூட இருக்காது. எந்தப் பக்கம் நிற்க விரும்புகிறாய் என்று பனையைக் கேட்டால் அது என்ன சொல்லுமோ; பனையேறிகளைக் கேட்டால் பதில் சட்டென்று வரும்.

தடைக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கள்ளில் போதைக்காக வேதிப்பொருள் கலந்து விற்ற காலம் இருந்தது. குடியால் நொந்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. கள் வேண்டும் என்பவர்களுக்கும் தங்கள் வாதம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தபோது, மரத்திலிருந்து இறங்கும் கள்ளைத் தடுத்ததால்தான் மக்கள் இதைத் தேடிப் போகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால் ஒன்று தெரிகிறது. தடை போட்டபோதும் நீக்கியபோதும் கணக்கில் வந்தவர்கள் குடிப்பவர்கள், விற்பவர்கள், வரி வாங்குபவர்கள். ஏறுபவர் எந்தக் கணக்கிலும் இல்லை. சுண்ணாம்பு போட்ட கலயத்தையும் காவல்துறையினர் கள் என்று சொல்லி உடைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது பனையேறிகள் பலகாலமாகச் சொல்லிவரும் குறை.

1993-ல் நம் பனையின் முகவரி மாறியது. தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள். அது விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டத்துப் பனை ஆனது. 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது வெறும் விழுப்புரத்துப் பனை. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது, விக்கிரவாண்டி தப்பித்தது. வேர் ஓரங்குலமும் நகராமல் இத்தனை மாவட்டம்.

இதற்குள் நாட்டில் அடையாளங்கள் பெருகிவிட்டன. 2008-ல் கங்கை தேசிய நதி. அடுத்த ஆண்டு கங்கை டால்பின் தேசிய நீர்வாழ் விலங்கு. 2010-ல் யானை தேசிய மரபு விலங்கு. புலியின் நாற்காலியைத் தொடாமல் பக்கத்தில் ஒரு நாற்காலி. 2012-ல் ஐதராபாத்தில் நடந்த பல்லுயிர்ப் பெருக்க மாநாட்டில், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் தேசிய நுண்ணுயிரியை அறிவித்தார்: பாலைத் தயிராக்கும் லாக்டோபாசில்லஸ். ஒவ்வொரு வீட்டு உறைமோர்க் கிண்ணத்திலும் கோடிக்கணக்கில் தேசிய அடையாளங்கள் நெளிகின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பியர் நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டைத் தன் மாநில நுண்ணுயிரி ஆக்கியது. சுண்ணாம்பில்லாக் கலயத்தில் சாற்றைக் கள்ளாக்குவதும் அந்த ஈஸ்ட் இனம்தான். அங்கே பட்டம் வாங்கிய உயிரி இங்கே மதுவிலக்குச் சட்டத்தின் கண்ணில் இருக்கிறது.

அதே 2012-ல் இன்னொரு வேடிக்கை. தேசிய விளையாட்டு ஹாக்கி என்று எப்போது அறிவித்தீர்கள் என்று ஒரு பள்ளிச் சிறுமி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவே இல்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் சொன்னது. தலைமுறை தலைமுறையாகப் பரீட்சையில் ஹாக்கி என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இனி அதைத் திருப்பித் தர வேண்டுமா என்று தெரியவில்லை. சிலவற்றுக்குப் பட்டம் இருக்கும், பயன் இருக்காது. சிலவற்றுக்குப் பட்டமே இல்லாமல் பேர் நின்றுவிடும்.

தமிழ்நாட்டிலும் பட்டியல் நீண்டது. 2019-ல் தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடல். 55 வினாடி, எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு. பலா நமக்கும் மாநிலக் கனி, 2018 முதல் கேரளத்துக்கும் மாநிலக் கனி. பழைய தென்னார்க்காட்டின் பண்ருட்டிக்காரர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்தார்களோ. செங்காந்தள் ஜிம்பாப்வேக்கும் தேசிய மலர். பனைகூட நமக்கு மட்டும் உரியதல்ல: 2005-ல் கம்போடிய அரசர் ஓர் ஆணையில் ஏழு தேசிய அடையாளங்களை ஒன்றாக அறிவித்தார், அதில் மரம் பனை. அந்தப் பட்டியலின் விலங்கு கௌப்ரே என்னும் காட்டு மாடு. அதைப் பல பத்தாண்டுகளாக யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பட்டம் வாங்க விலங்கு உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

கம்போடியக் காட்டு மாட்டின் கதை இங்கே பனைக்கு வந்துவிடுமோ என்ற அச்சம்தான் 2021-ல் அரசை அசைத்தது. மனைப்பிரிவு, சாலை அகலம், செங்கல் சூளை என்று மூன்று பக்கமும் பனை விழுந்துகொண்டிருந்தது. தென்னை விழுந்தால் வீட்டுக்காரர் அழுவார். பனை விழுந்தால் சூளைக்காரர் லாரி அனுப்புவார். ஏறுவதற்கு ஆள் இல்லாத பனை நிலத்துக்காரருக்கு வெறும் நிழல், அதுவும் கொஞ்சம் நிழல். 2021 ஆகஸ்டு 14 அன்று வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் மானியத்தில் தரப்படும் என்றது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம். மாநில மரம் என்று பேர் வைத்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து மரத்தைச் சுற்றி ஒரு வேலி வந்தது. சங்ககாலக் காவல் மரத்துக்கு முதல் நாளே காவல் போட்டிருப்பார்கள். தாமதம்தான், ஆனாலும் வரவேற்க வேண்டியது.

விதை ஊன்றுவது சுலபம். தன்னார்வலர்கள் ஏரிக்கரைகளில் வரிசை வரிசையாக ஊன்றுகிறார்கள். 2021-ல் ஊன்றிய விதை பாளை விட 2036 வாக்கில் ஆகும். அந்த மரத்தில் யார் ஏறுவார்கள்? இதுதான் பட்டியலில் இல்லாத கேள்வி. விக்கிரவாண்டிப் பக்கம் பூரிகுடிசை போன்ற சில ஊர்களில் பனையேறும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பனைத் திருவிழா நடத்துகிறார்கள், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஏறக் கற்றுத் தருகிறார்கள், பனை வெல்லத்தை நேரடியாக விற்கிறார்கள். மற்ற ஊர்களில் பனையேறியின் மகன் சென்னையில் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. விழுந்தால் இடுப்பெலும்பு போகும், பருவம் ஐந்தாறு மாதம், மீதி மாதம் கூலி வேலை, இடையிடையே காவல் நிலையம். பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இப்போதும் ஏறுகிறாரா என்பதைத்தான்.

தொல்காப்பியரின் பட்டியலை நம் அரசின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் விடுபட்டது எது என்று தெரியும். விலங்கு இரண்டிலும் இருக்கிறது. மரம், பறவை இருக்கின்றன. பறைக்கும் யாழுக்கும் பதில் பாட்டும் நடனமும். உணவு இல்லை, தொழில் இல்லை. அன்றைய பட்டியலில் குறிஞ்சி என்றால் தேன் எடுப்பவரும் தினை காப்பவரும் அதிலேயே அடக்கம். மரத்தைச் சொன்னவர் அந்த மரத்தோடு வாழ்கிற மனிதர் என்ன செய்கிறார், என்ன தின்கிறார் என்பதையும் சேர்த்தே எழுதினார். இன்றைய பட்டியலில் மனிதர் இல்லை. வரையாட்டைக் காக்கத் தனித் திட்டம் வந்தது, கணக்கெடுப்பு நடக்கிறது. 2024-ல் 1,031 வரையாடுகள் என்று எண்ணிச் சொன்னார்கள். அந்தக் கவனம் பாராட்டத்தக்கது. அதே கவனத்தோடு இரண்டு காலில் மரம் ஏறுகிறவர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பட்டங்கள் பெருகுவதற்குக் காரணம் எளிது: ஓர் அரசு கொடுக்கக்கூடியவற்றில் மிக மலிவானது பட்டம். ஒரு தாள், ஒரு கையெழுத்து, மறுநாள் செய்தித்தாளில் படம். மயிலோ வண்ணத்துப்பூச்சியோ அதற்கு மேல் எதுவும் கேட்காது என்பதால் அங்கே பிரச்சினை எழுவதில்லை. பனையிடம்தான் அது எடுபடவில்லை. பனையின் பட்டம் மரத்தோடு நிற்காமல் கலயத்தையும் கொப்பரையையும் காலில் போடும் தளையையும் தொட்டாக வேண்டும். மற்ற பட்டங்களை வாழ்த்திவிட்டு நகரலாம்; இதற்குச் செலவு உண்டு. ஏறுபவருக்குக் காப்பீடு, விழாமல் ஏற நல்ல கருவி, பதநீருக்கும் வெல்லத்துக்கும் கட்டுப்படியாகும் விலை, சுண்ணாம்புக் கலயத்தோடு பிடித்தால் அவர் குற்றவாளியல்ல என்று உரக்கச் சொல்லும் ஓர் அரசாணை. கள்ளைப் பற்றிய சண்டை நடக்கட்டும். அது முடிவதற்குக் காத்திராமலே செய்யக்கூடியவை இவை.

பட்டியலில் இனியும் சேர்ப்பார்கள். மீன் வரும், ஊர்வன வரும், தமிழ்நாட்டுக்கென்று ஒரு நுண்ணுயிரி வந்தாலும் வியப்பில்லை, டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகளில் ஒரு பக்கம் கூடும். அப்படிச் சேர்க்கிற நேரத்தில் தொல்காப்பியர் வைத்து நாம் விட்ட இடத்தையும் நிரப்பிவிடலாம். மாநிலத் தொழில்: பனையேற்றம். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவாவது அது இருந்தால், விடை எழுதும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அடுத்த கேள்வியையும் கேட்பார்: அந்த வேலைக்குச் சம்பளம் எவ்வளவு?